கொல்லைத் தோட்டத்தில் அன்னம் உருவக் காற்றுத்திசைகாட்டி: எந்தத் தகடு, எந்த இடம், எப்படி நடுவது?

கொல்லைத்தோட்டம்:
வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊர். கிழக்குப் பார்த்த வீடு, தரைத்தளமும் மொட்டைமாடியும். பின்னால் கொல்லை 40 அடி அகலம், 90 அடி நீளம். மேற்குக் கடைசியில் வேலி, வேலிக்கு அப்பால் வயல். தென்புறம் முதிர்ந்த தென்னை நான்கு, கிணற்றடியில் வாழை. இந்தக் கொல்லையில் காற்றுத்திசைகாட்டி ஒன்று நட வேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னம்தான் மனதில் இருக்கும் உருவம். அழகுக்காகத்தான், ஆனால் காற்றுக்குச் சரியாகத் திரும்பவும் வேண்டும். என்ன உலோகம், எவ்வளவு உயரம், எந்த இடம், அடிமானம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடையில் காற்றாடி என்று கேட்டால் கூரைமேல் சுழலும் வெண்டிலேட்டரைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

பித்தளைப்பட்டறை:
முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு அன்னத்தை அப்படியே எடுத்துக் கம்பியில் குத்தி வைத்தால் திரும்பாது. அது வார்ப்பு. உருண்டை உடம்பு, முன்னும் பின்னும் காற்றுக்கு ஏறக்குறைய ஒரே அளவு முகம் காட்டும். காற்று இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் பறவை எந்தப் பக்கம் திரும்பும்? ஆடிக்கொண்டே நிற்கும்.

காற்றுத்திசைகாட்டியில் இரண்டு கணக்கு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வேலை கெடுகிறது. அச்சுக்கு இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். பரப்பு சமமாக இருக்கக் கூடாது. வால் பக்கப் பரப்பு தலைப் பக்கத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும். அப்போதுதான் காற்று வாலைப் பின்னால் தள்ளி, அலகைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். மேலக்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, அலகும் மேற்கைப் பார்க்கும். காற்று போகும் திசையை அலகு காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

அதனால் அன்னத்தைத் தகட்டில் வெட்டுங்கள். அலகு, கழுத்து, மார்பு அச்சுக்கு முன்னால். விசிறி போல் விரிந்த வால் பின்னால். மொத்த நீளம் 90 செ.மீ. என்று வைத்தால் முன்பக்கம் 30, பின்பக்கம் 60. பரப்பு முன்னால் 0.05 சதுர மீட்டர், பின்னால் 0.10. இந்த அளவு கொல்லைக்குப் போதும்.

வெட்டுவதற்கு முன் அட்டையில் முழு அளவில் வெட்டிப் பாருங்கள். அட்டையின் ஓரத்தில் ஒரு ஆணி ஓட்டை போட்டுத் தொங்கவிட்டு, அதே ஆணியில் நூல்குண்டு கட்டி நூல் விழும் கோட்டை வரையுங்கள். வேறொரு ஓரத்திலும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் பரப்பின் நடு. அச்சு அந்தப் புள்ளிக்கு முன்னால், அலகுப் பக்கமாக, நல்ல இடைவெளி விட்டு வர வேண்டும். அச்சும் அந்தப் புள்ளியும் ஒன்றாகிவிட்டால் வால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பறவை குழம்பும்.

கொல்லைத்தோட்டம்:
ஐயா, அப்படியென்றால் பின்பக்கம் கனமாகி அன்னம் பின்னால் சாய்ந்துவிடுமே?

பித்தளைப்பட்டறை:
சாயும். அதற்குத்தான் முன்னால் எதிர்ப்பாரம். ஏற்றத்தில் கல் கட்டுவது போலத்தான். கணக்கு சொல்கிறேன். 1 எம்.எம். பித்தளைத் தகடு சதுர மீட்டருக்கு எட்டரை கிலோ. உங்கள் வால் 850 கிராம், அதன் நடு அச்சிலிருந்து 27 செ.மீ. தள்ளி. தலைப்பக்கம் 425 கிராம், 12 செ.மீ. தள்ளி. பெருக்கிக் கழித்தால் சுமார் 18 கிலோ சென்டிமீட்டர் குறைகிறது. அதை 25 செ.மீ. தூரத்தில் ஈடுகட்டினால் 720 கிராம், 15 செ.மீ. தூரத்தில் என்றால் 1,200 கிராம்.

எது நல்லது? குறைந்த எடையை அலகு நுனியில் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் கனத்தை அச்சுக்குக் கிட்டத்தில் வைப்பேன். தூரத்தில் இருக்கும் பாரம் பறவையை ஊஞ்சல் போல் ஆட வைக்கும். காற்று நின்ற பிறகும் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருக்கும். சுழற்சித் தயக்கம் தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது: 720-ஐ 25-இன் வர்க்கத்தாலும், 1,200-ஐ 15-இன் வர்க்கத்தாலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டாவது கணக்கு ஐந்தில் மூன்று பங்குதான் வரும். அச்சின் மேல் வரும் மொத்த எடை கொஞ்சம் கூடும், அதை குண்டு தாங்கிக்கொள்ளும்.

நாச்சியார்கோயில் வேலைப்பாடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கு இடம் இங்கேதான். மார்புப் பகுதியைத் தகட்டில் வெட்டாமல் சின்ன வார்ப்பாகச் செய்து முன்னால் பொருத்துங்கள். அழகும் அதுவே, எதிர்ப்பாரமும் அதுவே. வார்ப்பு வேண்டாம் என்றால் 50 எம்.எம். பித்தளை ராடில் 43 எம்.எம். நீளம் வெட்டினால் 720 கிராம் வரும். அதிலிருந்து அளவு பிடித்துக்கொள்ளலாம்.

வால் இறகுகளை உளியால் உள்ளிருந்து தட்டிப் புடைக்கச் சொல்லுங்கள், தஞ்சாவூர்க் கலைத்தட்டில் செய்வது போல. தட்டையான 1 எம்.எம். தகடு பலத்த காற்றில் படபடவென்று அடித்து, பற்றவைத்த இடத்தில் கீறல் விடும். புடைத்த தகடு அதே கனத்தில் விறைத்து நிற்கும். வெளி ஓரத்தை 6 எம்.எம். கம்பியில் சுருட்டி மடித்தாலும் சரி.

வேதாரண்யத்து_உப்புக்காற்று:
உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்குப் பித்தளை ஒத்துவரும். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் இதைப் படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புக்காற்றில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து தகடு செம்பு நிறமாகி நொறுங்கும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் என்றால் செம்புத் தகடு, இல்லையென்றால் 2 எம்.எம். அலுமினியம். அலுமினியத்தில் இதே அன்னம் 810 கிராம்தான் வரும், பித்தளையில் 1,275. எவர்சில்வர் என்றால் 316 ரகம் கேட்டு வாங்குங்கள். 304 கடலோரத்தில் தேநீர்க் கறை போல் பழுப்பு படியும். உடனே அரிக்காது, ஆனால் பார்க்க நன்றாக இராது.

இன்னொன்று, எல்லா ஊருக்கும் பொருந்துவது. பித்தளையோ செம்போ ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை) நேராகத் தொடக் கூடாது. மழைநீர் இரண்டுக்கும் நடுவே நின்றால் பாட்டரி மாதிரி வேலை செய்து பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும், பிறகு இரும்பைத் தின்னும். தொடும் இடத்தில் நைலான் வாசர், நைலான் புஷ். செம்பு அன்னத்தில் வழியும் மழைநீர் கீழே ஜி.ஐ. பைப்பில் சொட்டினாலும் கோடு கோடாக அரிக்கும். அதனால் செம்பு வைப்பவர்கள் பைப்புக்கு எபாக்சி பிரைமர் அடித்து மேலே பி.யூ. பெயிண்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள்.

கொல்லைத்தோட்டம்:
அச்சில் பேரிங் போடலாமா? லேத் பட்டறையில் 6202 போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

பித்தளைப்பட்டறை:
வேண்டாம் தம்பி. 6202 நல்ல பேரிங்தான், 15 எம்.எம். துளை, 35 எம்.எம். வெளி விட்டம். மோட்டாருக்கு ஆனது. ரப்பர் மூடி போட்ட ரகத்தில் மூடியே பிடித்துக்கொண்டிருக்கும். மாலை நேரத்து மெல்லிய தென்றலுக்கு அன்னம் அசையாது. தகரமூடி போட்ட ரகம் லேசாகச் சுற்றும், ஆனால் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்து இறுகும்.

எளிமையான வழி: ஒற்றைக் குண்டு. 12 எம்.எம். எவர்சில்வர் ராடு, நெட்டுக்குத்தாக. அதன் தலையில் லேத்தில் ஒரு சின்னக் குழி. குழியில் முக்கால் பங்கு எட்டிப் பார்க்கும்படி 3/8 இஞ்ச் எவர்சில்வர் குண்டு. சைக்கிள் கடைக் குண்டு போடாதீர்கள், அது துருப்பிடிக்கும். மேலே கவிழ்க்க, உள்விட்டம் 14 எம்.எம். உள்ள குழாய், 20 செ.மீ. நீளம், மேல்முனை அடைத்தது. அடைப்பின் உள்பக்கம் தட்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். அன்னம் இந்தக் குழாயோடு சேர்ந்தது. குழாய் குண்டின் மேல் தொங்குகிறது, ராடைச் சுற்றி ஒரு எம்.எம். இடைவெளி. மேல்பக்கம் மூடி இருப்பதால் மழை உள்ளே வராது. கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் வந்த ஈரமும் வடிந்துவிடும்.

இதில் முக்கியமானது, அன்னத்தின் எடை முழுதும் குண்டின் மட்டத்துக்குக் கீழே வர வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை? பாரம் கீழே. அதே சங்கதிதான். தகட்டைக் குழாயின் நடுப்பாகத்தில் பற்றவைத்தால் அன்னம் தானாக நேராக நிற்கும், ராடில் உரசாது. குழாயின் உச்சியில் பற்றவைத்தால் பாரம் குண்டுக்கு மேலே போய், குழாய் ஒருபக்கம் சாய்ந்து ராடைத் தேய்க்கும். கரகரவென்று சத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

குண்டில் கிரீஸ் ஒரு கடுகளவு. அப்பி வைத்தால் அறுவடைத் தூசியும் கருக்காய்த் தூளும் ஒட்டிப் பசை மாதிரி ஆகிவிடும்.

வயல்வரப்பு:
குழாயின் கீழ்வாய் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். ஒரு எம்.எம். இடைவெளி என்று அண்ணன் சொன்னது சரியான அளவு. 4, 5 எம்.எம். விட்டால் குளவி மண் கொண்டுவந்து உள்ளே கூடு கட்டும். கூடு காய்ந்தால் அன்னம் சிமெண்ட் வைத்தது போல் நின்றுவிடும். அன்னம் காற்றுக்குத் திரும்பாமல் நிற்கிறதென்றால் பேரிங்கைச் சந்தேகப்படுவதற்கு முன் கீழ்வாயைப் பாருங்கள். மண் வளையம் தெரிந்தால் கம்பியால் குத்தாதீர்கள், ராடில் கீறல் விழும். அன்னத்தைத் தூக்கி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

பறவைகளையும் யோசித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வயலில் எலிக்காகவும் பூச்சிக்காகவும் பறவைத் தாங்கி நடுகிறோம் இல்லையா? வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று காட்டக் கம்பத்தில் பூட்டும் திசைக் கரங்கள் நான்கும் அதே வேலையைச் செய்யும். கரிச்சான் தினமும் வந்து உட்காரும். அது 50 கிராம் பறவை, ஒன்றும் ஆகாது. வயலோரத்தில் இருப்பதால் அதை நான் நன்மை என்றே சொல்வேன். ஆனால் காக்கை அன்னத்தின் வாலில் உட்கார்ந்தால் அன்னம் சாயும், எச்சம் பித்தளையில் பச்சைக் கறை விடும். வால் ஓரத்தை அலை அலையாக, கூர்முனையோடு வெட்டினால் காக்கைக்கு நிற்க இடம் கிடைக்காது. கரங்களை அன்னத்துக்கு ஒன்றரை அடி கீழே வையுங்கள், காக்கை அங்கே உட்கார்ந்துகொள்ளட்டும்.

தூக்குக்குண்டு:
இடம், உயரம், அடிமானம் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இடம். டெல்டாவில் வருடத்தில் இரண்டு பெரிய காற்று. ஆனி முதல் ஆவணி வரை மேலக்காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து காவிரியோடு கிழக்கே வருவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை. பங்குனி, சித்திரையில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறிவரும். உங்களுக்கு மேற்கே திறந்த வயல். ஆடிக்காற்று தடையில்லாமல் வரும். வாடைக்கு வீடு குறுக்கே நிற்கிறது. மொட்டைமாடி கைப்பிடிச் சுவரோடு 15 அடி என்றால், மேற்கு வேலியோரத்தில் நட்டால் வீட்டிலிருந்து 80 அடிக்கு மேல் கிடைக்கும், ஐந்து மடங்கு. வானிலை ஆய்வுக்குப் பத்து மடங்கு தூரம், 10 மீட்டர் உயரம் என்பது விதி. அழகுக்கு வைப்பதற்கு இது போதும். வீட்டுக்கு 20 அடியில் நட்டால் வாடைக்காலத்தில் சுவரைத் தாண்டி விழும் சுழலில் அன்னம் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

தென்னையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதிர்ந்த தென்னையின் தலை 40 அடிக்கு மேலே. கீழே வெறும் மரம், காற்று ஊடே போகும். தொல்லை தருவது வாழையும் தென்னம்பிள்ளையும்தான். அவற்றின் இலை உங்கள் அன்னத்தின் உயரத்தில் நிற்கும். தென்னையிலிருந்து 20 அடியாவது தள்ளுங்கள். காற்றுக்காகச் சொல்லவில்லை, மட்டைக்காகச் சொல்கிறேன். ஒரு மட்டை விழுந்தால் வால் தகடு மடங்கிவிடும்.

உயரம் 3 மீட்டர், பத்தடி. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பைப் அளவை இங்கேதான் குறைத்துப் போட்டு ஏமாறுகிறார்கள். கட்டடங்கள் மேல் வரும் காற்று விசைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் திருச்சிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர், சென்னைக்கு 50. நான் 50 எடுக்கிறேன், மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அழுத்தம். அன்னம் சரியாகத் திரும்பி நின்றால் அதன் மேல் அழுத்தம் குறைவு. ஆனால் குளவிக்கூட்டால் இறுகி நின்ற நிலையில் புயல் வந்தால் முழு அகலமும் வாங்கும்: 0.15 சதுர மீட்டருக்கு சுமார் 27 கிலோ, பத்தடி உயரத்தில். பைப் வாங்கும் காற்றையும் சேர்த்தால் அடியில் 120 கிலோ × மீட்டர் வளைவு விசை (கிலோவில் விசையை மீட்டரில் உயரத்தால் பெருக்கியது). ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) ஜி.ஐ. பைப் இதில் வளையும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு இஞ்ச் பைப் கூடுதல் காற்று வாங்கி 132 வந்தாலும், அதன் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. இரண்டு இஞ்ச் பி கிளாஸ் வாங்குங்கள். உச்சியில் 10 எம்.எம். தகட்டு மூடி பற்றவைத்து, அதன் நடுவில் 12 எம்.எம். ராடை நட்டுப் போட்டு முறுக்குங்கள். ராடைக் கழற்றும்படி வைப்பது பின்னால் உதவும்.

அடிமானம் இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் மூன்றடி.

வேதாரண்யத்து_உப்புக்காற்று:
தூக்குக்குண்டு சார், அடிமானக் கணக்கில் தண்ணீரைச் சேர்த்தீர்களா? புயல் வரும் மாதம் ஐப்பசி, கார்த்திகை. வயலோரத்தில் அப்போது தண்ணீர் நிலமட்டத்துக்கே நிற்கும். கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு மிதப்பில் போய்விடும். களிமண்ணும் குழைந்து பிடிப்பை விட்டிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறிய போது தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஈரமண்ணை நம்பிக் கணக்குப் போட முடியாது.

தூக்குக்குண்டு:
சரியான கேள்வி. உலர்ந்த மண்ணுக்கு மட்டும் பார்த்துவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். இரண்டுக்கு இரண்டுக்கு மூன்று அடியில் கான்கிரீட் 815 கிலோ, சாயாமல் தாங்குவது 248 கிலோ × மீட்டர். தண்ணீருக்குள் அது 145 ஆகிவிடும். சாய்க்கும் விசை அடிமட்டத்தில் 187. போதாது. அதையே இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, ஆழமும் இரண்டரை அடியாக மாற்றினால் 1,060 கிலோ. தண்ணீருக்குள்ளும் 236 தாங்கும், சாய்க்கும் விசை 178. ஆழத்தைவிட அகலம் உதவுகிறது. மண் பிடிப்பு எதையும் நம்பாமல் நிற்கும் அளவு இது.

1:2:4 கலவையில் சிமெண்ட் 3 மூட்டைக்குள் முடியும், மணல் அல்லது எம் சாண்ட் 7 கன அடி, முக்கால் ஜல்லி 14 கன அடி. குழியின் அடியில் நான்கு இஞ்ச் உடைகல் போட்டு இடித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் தலை தரைக்கு மேல் நான்கு இஞ்ச் நிற்க வேண்டும், மேல்பகுதி நாலாபக்கமும் சரிவாக. அடித்தகடு தண்ணீரில் நின்றால் எந்தப் பூச்சும் தாங்காது.

காலம்: சித்திரை, வைகாசியில் குழி வெட்டுங்கள். மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு வயலோரக் குழியில் ஊற்று எடுத்துக் கலவை நீர்த்துப் போகும். கோடையில் களிமண் வெடித்திருக்கும். வெடிப்புக்குள் கலவை ஓடாதபடி குழியின் சுவரை ஈரமண்ணால் பூசிவிட்டு ஊற்றுங்கள். சாக்குப் போட்டு 14 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

பைப்பை நேராகக் கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். தரையும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் பைப் முதலில் அரிக்கும், அரித்தால் மாற்ற வழியில்லை. 16 எம்.எம். ஜே போல்ட் (அடிமுனை J எழுத்துப் போல் வளைந்தது) நான்கு, 450 எம்.எம். நீளம். ஊற்றுவதற்கு முன் ஒட்டுப்பலகையில் தகட்டின் ஓட்டைப்படியே துளையிட்டு, நான்கு போல்ட்டையும் அதில் பூட்டி இறக்குங்கள். இல்லையென்றால் கலவை குத்தும்போது போல்ட் நகர்ந்து தகடு உட்காராது. மேல் பக்கம் 200 எம்.எம். சதுரம், 10 எம்.எம். கனத் தகடு. தகட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழ் நட்டைத் திருகித் திருகிப் பைப்பைத் தூக்குக்குத் தூக்காக்கலாம். தூக்குக்குண்டை இரண்டு பக்கமிருந்து பாருங்கள், கிழக்கிலிருந்து ஒரு முறை, தெற்கிலிருந்து ஒரு முறை. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மற்றப் பக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. பைப் சாய்ந்திருந்தால் காற்றில்லாத வேளைகளில் அன்னம் எப்போதும் ஒரே திசைக்கு நழுவி நிற்கும்.

வேதாரண்யத்து_உப்புக்காற்று:
கடலோரத்தில் இன்னும் ஒரு படி போகலாம். அடித்தகடு இரண்டாக: கீழ்த்தகடு கான்கிரீட்டோடு, மேல்தகடு பைப்போடு, ஒரு ஓரத்தில் 20 எம்.எம். பின் போட்ட கீல், எதிர் ஓரத்தில் இரண்டு போல்ட். புயல் எச்சரிக்கை வந்ததும் போல்ட்டைக் கழற்றி இரண்டு பேர் சேர்ந்து தரையில் படுக்கவைத்துவிடலாம். பத்து நிமிட வேலை. கீலின் திசை முக்கியம், படுக்கும் பக்கம் பத்தடி இடம் காலியாக இருக்க வேண்டும்.

படுக்கவைக்கும் வசதி இல்லையென்றால் அன்னத்தை மட்டுமாவது கழற்றி உள்ளே வையுங்கள். அதுவும் முடியாத நேரத்துக்குப் பூட்டுத் திருகு: ராடில் 3 எம்.எம். ஆழத்துக்கு ஒரு வளையப் பள்ளம், குழாயில் ஒரு சின்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூ நுனி பள்ளத்துக்குள் நிற்கும், ஆனால் ராடைத் தொடாது. சுழல்வதற்குத் தடையில்லை, காற்று மேல்நோக்கித் தூக்கினாலும் குழாய் கழன்று வராது. வெறுமனே கவிழ்த்து வைத்த அன்னம் பலத்த காற்றில் பறந்து யார் வீட்டு ஓட்டிலாவது விழும். ஒன்றேகால் கிலோ கூர்முனைத் தகடு, அதன் மேல் எதிர்ப்பாரம் வேறு.

கொல்லைத்தோட்டம்:
நன்றி சார். இடிக்கு என்ன செய்வது? திசை எழுத்துகளைத் தமிழில் வைக்க ஆசை. வடக்கை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லுங்கள். கைப்பேசித் திசைகாட்டி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது.

தூக்குக்குண்டு:
இடிக்கு: கம்பத்தடியிலிருந்து 25க்கு 3 எம்.எம். ஜி.ஐ. பட்டை ஒன்றைத் தனி எர்த் ராடுக்குக் கொண்டுபோங்கள். களிமண்ணில் ஈரம் நிற்பதால் எர்த் நன்றாகக் கிடைக்கும். வீட்டு வயரிங் எர்த்தோடு நீங்களாகச் சேர்க்க வேண்டாம், மின்பணியாளரைக் கேளுங்கள். கோடை இடியின்போதும் ஐப்பசி இடியின்போதும் கம்பத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வடக்குக்கு: கைப்பேசி இரும்புப் பைப்புக்குப் பக்கத்தில் பொய்தான் சொல்லும். குறைந்தது பத்தடி தள்ளி நின்று பாருங்கள். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் நம் பக்கம் வித்தியாசம் இரண்டு பாகைக்குள்தான், அதை விட்டுவிடலாம். துருவ நட்சத்திரம் நம் ஊரில் அடிவானத்துக்கு மேல் 11 பாகைதான், மரங்கள் மறைத்துவிடும்.

நம்பகமானது நிழல்தான், கோயில் கட்டுபவர்கள் சங்கு (நிழல் பார்க்கும் முளை) நட்டுப் பார்க்கும் அதே முறை. சமமான தரையில் மூன்றடிக் கம்பி ஒன்றைத் தூக்குக்கு நட்டு, அதை நடுவாக வைத்து இரண்டடி ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும் புள்ளியில் ஒரு ஆணி. பிற்பகலில் நுனி வட்டத்தைத் தொட்டு வெளியேறும் புள்ளியில் இன்னொரு ஆணி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. ஒரு பாகைக்குள் கிடைக்கும். மார்கழி, தையில் நிழல் நீளம், வட்டத்தை மூன்றடியாக்குங்கள்.

உச்சிநேரத்து நிழலை மட்டும் பார்த்து வடக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இதில் இரண்டு தவறு நேரும். ஒன்று, பன்னிரண்டு மணி உச்சிநேரம் அல்ல. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, தஞ்சாவூர் 79 பாகையை ஒட்டி இருக்கிறது. உச்சி சராசரியாக 12.13-க்கு வரும். பிப்ரவரி நடுவில் 12.28 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கே வந்துவிடும். மற்றது, ஏப்ரல் 18-ஐ ஒட்டி சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, ஆகஸ்ட் 25 வரை உச்சியில் வடக்குப் பக்கமாக நிற்கும். அந்த நான்கு மாதமும் உச்சிநிழல் தெற்கே விழும். சித்திரை, வைகாசியில் நடுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நிழல் விழும் பக்கத்தை வடக்கு என்று நினைத்து எழுத்துகளைப் பூட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பித்தளைப்பட்டறை:
தமிழ் எழுத்து நல்ல யோசனை, வெட்டும்போது மட்டும் கவனம். வ, கி, தெ, மே என்று நான்கு. வ ஒரே துண்டாக வரும். கியில் மேல் கொக்கி மெலிந்து போகாமல் 8 எம்.எம். அகலமாவது வையுங்கள். தெ, மே இரண்டிலும் கொம்பு தனியாக நிற்கும் எழுத்து, அப்படியே வெட்டினால் இரண்டு துண்டாகக் கையில் வரும். அடியில் 10 எம்.எம். பட்டை ஒன்று விட்டு இரண்டையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். நான்கு எழுத்துக்கும் அதே பட்டை இருந்தால் பார்க்க ஒரே வரிசையாக இருக்கும். எழுத்து உயரம் 12 செ.மீ., அப்போதுதான் திண்ணையிலிருந்து தெரியும். எழுத்துக்குப் பதில் வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றின் பெயர்களையே முழுதாக வெட்டினாலும் அழகுதான். கரம் ஒவ்வொன்றும் நீளமாகி எடை கூடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரங்களை பைப்பில் பற்றவைக்காதீர்கள். இரண்டு அரைவட்டக் கிளாம்பு, இரண்டு போல்ட். நிழல் பார்த்துத் திசை உறுதியான பிறகு இறுக்கலாம், ஒரு பாகை தப்பினால் திருத்தவும் செய்யலாம்.

வயல்வரப்பு:
எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரியுமே அண்ணே? வீட்டுத் திண்ணை கிழக்கே, வயலில் நிற்பவர்கள் மேற்கே.

பித்தளைப்பட்டறை:
தெரியும் தங்கச்சி. வ, தெ இரண்டும் வடக்கு தெற்காக நீளும் கரத்தின் முனையில், கரத்தோடு ஒட்டி நிற்கும். கிழக்கிலிருந்து பார்த்தால் நேர், மேற்கிலிருந்து திருப்பம். யார் அதிகம் பார்ப்பார்களோ அந்தப் பக்கம் நேராக வைப்பதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் நேராக வேண்டும் என்றால் எழுத்தை வெட்டாமல் வட்டத் தகட்டில் இரு முகத்திலும் புடைத்தெடுக்க வேண்டும், கூலி கூடும்.

கொல்லைத்தோட்டம்:
கிழக்கு முகம் போதும். அன்னத்தை மேலே ஏற்றுவதற்கு முன் கீழே வைத்துச் சோதிக்க வழி உண்டா?

பித்தளைப்பட்டறை:
உண்டு, கட்டாயம் செய்யுங்கள். ராடைப் பட்டறை வைசில் நட்டுக்குத்தாகப் பிடித்து அன்னத்தைக் கவிழ்த்து வையுங்கள். காற்றில்லாத அறை. எந்தத் திசையில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு வைசைப் பத்துப் பாகை சாய்த்துப் பாருங்கள். வால் கீழே நழுவினால் முன்னால் பாரம் போதவில்லை, அலகு நழுவினால் பாரம் அதிகம். வாசர் ஒவ்வொன்றாகச் சேர்த்தோ எடுத்தோ, சாய்ந்த ராடிலும் எங்கு விட்டாலும் நிற்கும்வரை பிடியுங்கள். இதைத் தரையில் செய்தால் அரைமணி நேரம். பத்தடி ஏணியில் நின்று செய்தால் நாள் முழுதும் போகும்.

பிறகு விரலால் மெல்லச் சுழற்றிவிடுங்கள். சுழற்சி மெதுவாக அடங்கி நிற்க வேண்டும். ஒரே இடத்தில் டக்கென்று நின்றால் குழாயின் உள்ளே பற்றவைத்த பொட்டு ஏதாவது உரசுகிறது. குழாயைக் கழற்றி உள்பக்கம் வட்ட அரத்தால் ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வயல்வரப்பு:
நட்ட பிறகு வருடத்துக்கு இருமுறை போதும். பங்குனியில் ஒரு முறை, புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறை. அன்னத்தைத் தூக்கி, குண்டைத் துடைத்து, கடுகளவு கிரீஸ். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குகிறவர்கள் குண்டு இருக்கும் குழாய்க்குள் புளித்தண்ணீர் போகாமல் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், துலக்கிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

கொல்லைத்தோட்டம்:
எல்லாம் குறித்துக்கொண்டேன். பித்தளை 1 எம்.எம்., வால் புடைப்பு, மார்பு வார்ப்பு, எவர்சில்வர் குண்டு, இரண்டு இஞ்ச் பைப். குழி இரண்டரை அடி. சித்திரை பத்துக்குள் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். கீல் தகடும் போட்டுக்கொள்கிறேன், கும்பகோணமாக இருந்தாலும் சரி.

வேதாரண்யத்து_உப்புக்காற்று:
நல்லது தம்பி. கீல் கிழக்கு ஓரத்தில் வரட்டும், கம்பம் உங்கள் கொல்லைக்குள் படுக்கும். மேற்கு ஓரத்தில் வைத்தால் வேலி மேல் சாயும்.